பவளத் தொட்டிக்கு நாமே செய்யும் எல்இடி விளக்கு

பவளம் பார்க்கச் செடி மாதிரி இருந்தாலும் விலங்குதான். அதன் சதைக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. ஒளியைக் கொண்டு சர்க்கரை தயாரித்து, பெரும்பங்கைப் பவளத்துக்கே கொடுத்துவிடுகின்றன. பவளத் தொட்டியில் விளக்கை அணைப்பது அடுப்பை அணைப்பது மாதிரி.

எந்த நிற ஒளி வேண்டும்? சிவப்பைக் கடல்நீர் முதல் சில மீட்டர்களிலேயே உறிஞ்சிவிடும். தெளிந்த கடலில் ஆழம் வரை போவது நீலம். அந்தப் பாசிகள் பழகியதும் அதற்குத்தான். அதனால் விளக்கில் 450 நானோமீட்டர் அளவிலான 'ராயல் ப்ளூ' எல்இடிகளே அதிகம் இருக்க வேண்டும். சிறிய தொட்டிக்கு எட்டு நீலம், நாலு வெள்ளை என்று ஆரம்பிக்கலாம்.

இங்கேதான் கண் ஏமாற்றும். பகலில் நம் கண்ணுக்கு மிகப் பிரகாசமாகத் தெரிவது 555 நானோமீட்டர் பச்சை. அதே ஆற்றலுள்ள 450 நானோமீட்டர் நீலம், அதில் இருபதில் ஒரு பங்கு கூடத் தெரியாது. என் முதல் விளக்கு மங்கலாக இருக்கிறதே என்று வெளிச்சத்தைக் கூட்டும் குமிழைக் கடைசி வரை ஏற்றினேன். சில நாட்களில் ஒரு பவளம் வெளுத்துவிட்டது. ஒளி மிஞ்சினால் பாசிகளுக்குள் நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் வடிவங்கள் உருவாகும். பவளம் அந்தப் பாசிகளை வெளியே தள்ளிவிடும். வெளிச்சத்தைச் சொல்லும் லூமன் கணக்கும் மனிதக் கண்ணை வைத்துப் போட்டதுதான், இதற்கு உதவாது. ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளியை அளக்கும் 'பார்' மீட்டர் கிடைத்தால் நல்லது.

சரி, மின்சாரத்துக்கு வருவோம். ஒரு எல்இடிக்கு ஏறக்குறைய 3 வோல்ட். பன்னிரண்டையும் வரிசையாக இணைத்தால் 36 வோல்ட். 700 மில்லிஆம்பியர் ஓடினால் சுமார் 25 வாட். வோல்டேஜ் கொஞ்சம் ஏறினாலே எல்இடியில் கரண்ட் மளமளவென்று ஏறும். சூடானால் அதற்குத் தேவையான வோல்டேஜும் குறையும். அப்போது இன்னும் கரண்ட், இன்னும் சூடு. அதனால் கரண்டை மாறாமல் வைத்திருக்கும் டிரைவர் கட்டாயம். 36 வோல்ட் அதன் வரம்புக்குள் வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஓடும் மின்சாரத்தில் பாதியளவு வெப்பமாகும். அது ஒளியோடு வெளியேறாமல் எல்இடி சில்லின் முதுகிலேயே தங்கும். அந்த வெப்பத்தை இழுத்துக் காற்றில் விடும் உலோகத் தகடுதான் ஹீட் சிங்க். அதில் எல்இடியை ஒட்டும்போது வெப்பப் பசையை மெல்லிசாகத் தடவுங்கள். காற்று இடைவெளியை நிரப்பத்தான் அது, தடிமனானால் கெடுதல். அப்புறம், ஒட்டுவதற்கு முன்பே எல்இடியின் முனைகளில் ஈயம் வைத்துவிடுங்கள். ஒட்டிய பிறகு சால்டரிங் அயர்னின் சூட்டையெல்லாம் ஹீட் சிங்க் இழுத்துக்கொள்ளும். ஈயம் பிடிக்காமல் உருண்டை உருண்டையாக நிற்கும். ஒரு மணி நேரம் எரியவிட்டு ஹீட் சிங்க்கில் கையை வைத்துப் பாருங்கள். வைத்திருக்க முடியாவிட்டால் விசிறி தேவை.

உப்புநீர் தெறிக்காமல் கீழே அக்ரிலிக் தகடு வையுங்கள். ஒயர் பிளக்குக்குக் கீழே தொங்கி மேலேறட்டும். வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

முதலில் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம், எட்டு மணி நேரம் போதும். வாரக்கணக்கில் மெல்ல ஏற்றலாம்.

இரவில் இந்த விளக்கை அணைத்துவிட்டு ஒரு நீல எல்இடி டார்ச்சை அடித்துப் பாருங்கள். பல பவளங்கள் பச்சையாக ஒளிரும். அவற்றில் உள்ள புரதங்கள் நீலத்தை உள்வாங்கிப் பச்சையாகத் திருப்பி விடுகின்றன. விளக்கின் நீலம் மங்கலாகத் தெரிந்த அதே கண்ணுக்கு, அந்தப் பச்சை பளிச்சென்று தெரியும்.