ஒலிபெருக்கி எதைப் பெருக்குகிறது?

கார் ஸ்பீக்கர் ஒன்று மாற்றி ஒன்று எரிந்துகொண்டே இருந்தால் என்ன செய்வது என்று தமிழில் விளக்கம் சொல்லும் காணொளிகள் நிறைய வருகின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் அவற்றில் சில, ஸ்பீக்கரையும் 'ஒலிபெருக்கி' என்கின்றன, அடுத்த மூச்சிலேயே, ஸ்பீக்கருக்குப் போகும் மின்னலையைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிஃபையரையும் (ஆம்ப்) 'ஒலிபெருக்கி' என்கின்றன. "ஒலிபெருக்கியின் திறன் போதாவிட்டால் ஒலிபெருக்கி பழுதாகும்" என்று கேட்டுவிட்டு ஒருவர் எதைக் கழற்றுவார்?

சொல் வந்த வழி சிறியது. காதில் வைத்துக் கேட்கும் கருவிக்கு மாற்றாக, அறை முழுக்கக் கேட்கும்படி 'உரக்கப் பேசுவது' என்ற பொருளில் வந்தது லவுட்ஸ்பீக்கர். அந்த 'உரக்க' தமிழில் 'பெருக்கி' ஆகிவிட்டது. மைக், ஆம்ப், குழாய் மூன்றும் சேர்ந்த திருவிழா செட்டுக்கு இந்தப் பெயர் பொருந்தவும் செய்யும். 'கூம்பு வடிவ ஒலிபெருக்கிகளுக்குத் தடை' என்னும்போது யாரும் குழம்புவதில்லை. செட்டைப் பிரித்துப் பேச வேண்டி வரும்போதுதான் தகராறு.

ஸ்பீக்கர் எதையும் பெருக்குவதில்லை. வருகிற மின்சாரத்தில் சுமார் நூறில் ஒரு பங்கைத்தான் அது ஒலியாக்குகிறது. மீதி வாய்ஸ் காயிலில், அதாவது ஸ்பீக்கரின் கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளில், வெப்பமாகப் போகிறது. பெருக்குவது ஆம்ப். 20 வாட் ஆம்பில் வால்யூமை முழுக்கத் திருகினால், மின்னழுத்தம் மேலே போக இடமில்லாமல் அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்படும். இதுதான் கிளிப்பிங். அலை முழுச் சதுரமாகிவிட்டால் திறன் இரண்டு மடங்கு, அதாவது 40 வாட்டை நெருங்கும். 25 வாட் தாங்கும் ஸ்பீக்கர் என்ன ஆகும்? காயில் கருகும். கழற்றி முகர்ந்தால் வார்னிஷ் தீய்ந்த வாடை வரும். மல்டிமீட்டர் வைத்தால், நல்ல 4 ஓம் ஸ்பீக்கர் 3-க்கும் 4-க்கும் நடுவே காட்டும். காயில் அறுந்ததில் முள் அசையாது. புது ஸ்பீக்கர் போட்டாலும் அதே கதைதான், ஏனென்றால் கோளாறு ஆம்பைத் திருகி வைத்திருக்கும் அளவில் இருக்கிறது. இவ்வளவையும் ஒரே பெயரை வைத்துக்கொண்டு எப்படி விளக்குவது?

சரி, ஆம்புக்குத்தான் 'மிகைப்பி' இருக்கிறதே என்பார்கள். அந்தச் சொல் எனக்கு ஆகாது. 'மிகைநாடி மிக்க கொளல்' என்று குறளைக் காட்டி, மிகை என்றால் கூடுதல்தானே என்று வாதாடலாம். வள்ளுவர் காலத்துக்குச் சரி. இன்று மிகை என்றால் அளவு மீறியது. மிகைநடிப்பு, மிகைப்படுத்துதல் என எதை எடுத்தாலும் வேண்டிய அளவைத் தாண்டியது என்றுதான் காதில் விழுகிறது. உள்ளே வந்த அலையின் வடிவம் மாறாமல் அதைப் பெரிதாக்கித் தருவதே நல்ல ஆம்பின் வேலை. அளவு மீறினால் அது கிளிப்பிங், அதாவது கோளாறு. கோளாறின் பெயரைக் கருவிக்கே சூட்டுவது என்ன நியாயம்? 'மிகைப்பி மிகைத்ததால் பழுது' என்று எழுதிப் பாருங்கள், அபத்தம் தெரியும். 'பெருக்கி' போதும். ஆம்ப் செய்வது கணக்கில் வரும் அதே பெருக்கல்தான்: ஒரு வோல்ட் உள்ளே போனால் பத்து வோல்ட் வெளியே. பெருக்கி என்றால் துடைப்பம் நினைவுக்கு வருகிறது என்பவர்களுக்கு என்னிடம் மருந்தில்லை.

ஸ்பீக்கருக்கு 'ஒலிப்பான்' என்று சிலர் எழுதுகிறார்கள். வீட்டில் சரி. காரில் ஒலிப்பான் என்றால் ஹார்ன். அந்தக் கருவிக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே வந்தாகிவிட்டது. மைக்குக்கு 'ஒலிவாங்கி' நன்றாக நிலைத்திருக்கிறது; அதற்கு இணையாக 'ஒலிவழங்கி' என்றால் ஜோடியும் அமைகிறது, வேலையும் விளங்குகிறது. அது வாயில் நுழையவில்லையா, 'ஸ்பீக்கர்' என்றே எழுதுங்கள். இரண்டு கருவிக்கு ஒரு பெயர் வைக்கும் தனித்தமிழைவிட அது எவ்வளவோ மேல். கடையில் வேலை பார்க்கும் பையன் 'ஆம்ப்', 'ஸ்பீக்கர்', 'காயில்' என்று பிரித்துத்தான் சொல்கிறான். அவனுக்குக் குழப்பமே இல்லை.

குழப்பமெல்லாம் அகராதியின் முதல் வரியோடு நிறுத்திக்கொள்ளும் மொழிபெயர்ப்பாளர்களுக்குத்தான். ஆம்பில் எத்தனை மடங்கு பெருக்குவது என்பதைக் கூட்டிக் குறைக்கும் 'கெயின்' திருகியைக் குறைக்கச் சொல்லும் இடத்தில் ஒரு கையேடு 'ஆதாயத்தைக் குறைக்கவும்' என்கிறது. கடைக்காரர் அதைப் படித்தால் சண்டைக்கு வருவார். பெருக்கியில் இருப்பது 'பெருக்கம்'. அதைக் குறைக்கச் சொன்னால் எந்தத் திருகியைத் தொடுவது என்று எவருக்கும் புரியும்.