பஞ்சு பறக்கும் நாளும் ஆறு வடியும் வேகமும்

மே மாதம் ஸ்ரீநகர் போய்வந்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பனி பெய்வது போலத் தெருவெல்லாம் வெள்ளைப் பஞ்சு பறந்தது. மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள், அலர்ஜி வரும் என்றார் டாக்ஸி டிரைவர். உண்மையா?"

அது பாப்லர் மரத்தின் விதைப் பஞ்சு. அங்கே 'ரஷ்யன் பாப்லர்' என்கிறார்கள். மரத்தின் பூர்வீகமோ வட அமெரிக்க ஆற்றங்கரைகள். அங்கே அதற்குக் காட்டன்வுட் என்று பெயர். அலர்ஜி தருவது மகரந்தம். அது கண்ணுக்குத் தெரியாது. பஞ்சு பறக்கும் அதே வாரங்களில் புல்லின் மகரந்தமும் காற்றில் இருக்கும். கண்ணில் படுவது பஞ்சு என்பதால் பழி அதன்மேல் விழுகிறது. காஷ்மீரில் இந்த வழக்கு நீதிமன்றம் வரை போனது. 2020இல், கொரோனாவைப் பஞ்சு பரப்பிவிடும் என்ற அச்சத்திலும் மரங்களை வெட்ட உத்தரவு வந்தது. ஆதாரம் கேட்காமல் மரத்தை வெட்டுவது எனக்குத் தாங்கவில்லை.

சரி, அந்தப் பஞ்சு எதற்கு?

பாப்லரும், கிரிக்கெட் மட்டை செய்யும் வில்லோவும் ஒரே குடும்பம். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பெண் மரம்தான் பஞ்சு விடும். பெரிய காட்டன்வுட் ஒன்று ஒரே ஆண்டில் 2 கோடிக்கும் மேல் விதை உதிர்க்கக்கூடும். எருக்கம் விதை போலக் காற்றில் மிதந்து, ஆற்றில் விழுந்தால் நீரிலும் மிதந்து போகும். இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதைதான்.

தேங்காயை நினைத்துப் பாருங்கள். மாதக்கணக்கில் தாங்கும் கட்டுச்சோறு அதன் உள்ளேயே இருக்கிறது. காட்டன்வுட் விதையில் அப்படிச் சேமித்த உணவு அநேகமாகக் கிடையாது. ஓரிரு வாரங்களில் முளைக்கும் திறனும் போய்விடும். ஈரமான வெறும் மண்ணில் விழுந்தால் 24 மணி நேரத்துக்குள் முளைத்துவிடும். புல் மூடிய கரையில் விழுந்தது நிழலிலேயே முடிந்துபோகும். அப்படியானால், புல்லும் புதரும் இல்லாத ஈர மண் எங்கே கிடைக்கும்? வெள்ளம் வந்து கரையைச் சுரண்டி, புது வண்டலைப் பரப்பிவிட்டு, வடியத் தொடங்கிய இடத்தில் கிடைக்கும். ராக்கி மலைப் பனி உருகி ஆறுகள் பெருக்கெடுத்து இறங்கும் நாட்களை ஒட்டித்தான் இம்மரங்கள் பஞ்சை விடுகின்றன.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதற்கு அப்புறம்தான் வருகிறது. முளைத்த நாற்று நகத்தளவுகூட இருக்காது. அதன் காலடியில் ஆறு தினமும் இறங்கிக்கொண்டே போகிறது. ஆற்றோடு மண்ணுக்குள் இருக்கும் நீர்மட்டமும் இறங்குகிறது. வேர் அதைத் துரத்திக்கொண்டு கீழே போக வேண்டும். நீரையே தொட வேண்டும் என்பதில்லை. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, மண் துகள்களின் இடுக்கில் நீர் கொஞ்சம் மேலேறி நிற்கும். அந்த ஈரப் பட்டையை வேர் பிடித்துக்கொண்டால் போதும். மென்மணலில் அது உயரமாக ஏறும், சரளையில் ஏறாது. அதனால் ஒரே கரையில் பக்கத்துப் பக்கத்து நாற்றுகளில் ஒன்று பிழைக்கும், இன்னொன்று கருகும்.

கனடாவின் லெத்பிரிட்ஜில் ஜான் மஹோனி, ஸ்டூவர்ட் ரூட் ஆகிய ஆய்வாளர்கள் குழாய்களில் மணலும் சரளையும் நிரப்பி, நாற்று வைத்து, நீர்மட்டத்தை வெவ்வேறு வேகத்தில் இறக்கிப் பார்த்தார்கள். 1998இல் அவர்கள் வெளியிட்ட கணக்குப்படி, நாளுக்குச் சுமார் 2.5 செ.மீ. வரை இறங்கினால் வேர் ஈடுகொடுக்கும். அதைவிட வேகமாக வடிந்தால் நாற்று காய்ந்துவிடும். இடமும் முக்கியம். கோடையில் ஆறு மெலிந்து ஓடும் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 60 செ.மீ. முதல் 2 மீட்டர் உயரத்துக்குள் முளைத்திருக்க வேண்டும். மேலே என்றால் வறட்சி கொல்லும். கீழே என்றால் அடுத்த வெள்ளமோ பனிக்கட்டியோ பிடுங்கிப்போகும். குழாயும் மணலும் பொறுமையும் போதும் இந்த ஆய்வுக்கு. இத்தகைய சிறு ஆய்வுகளுக்குப் பணம் ஒதுக்க அரசுகள் ஏன் இத்தனை தயங்குகின்றன என்று ஒவ்வொரு முறையும் ஆதங்கப்படுகிறேன்.

ஏனென்றால், அணை கட்டியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய எண் இது. கனடாவின் செயின்ட் மேரி ஆற்றில் 1951இல் அணை வந்தது. பாசனத்துக்குத் தண்ணீரைத் திருப்ப, கோடையில் கீழே விடும் நீர் மிகவும் குறைந்தது, மதகை அடைத்ததும் ஆறு சட்டென்று இறங்கியது. அணைக்குக் கீழே இருந்த காட்டன்வுட் காடு பெரும்பாலும் அழிந்தது. நின்ற மரங்கள் காய்ந்தன, அவற்றின் இடத்துக்கு நாற்றும் வரவில்லை.

பின்னாளில் சில அணைகளில் மதகை மெல்ல மெல்ல அடைக்கப் பழகினார்கள். பக்கத்து ஓல்ட்மேன் ஆற்றில் 1995இல் பெருவெள்ளம் வந்தபோது, வடியும் நீரைப் படிப்படியாகக் குறைத்தார்கள். கரையோரம் நாற்றுகள் திரளாக எழுந்தன.

அணையில்லாத ஆறுகளில் இப்படி வாய்ப்பான ஆண்டு சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் அமையும். ஆற்று வளைவுகளின் உட்புறத்தில் காட்டன்வுட் மரங்கள் வில் போல வரிசை வரிசையாக நிற்பதைக் காணலாம். ஒவ்வொரு வரிசையும் ஒரே வயது. நீரோரத்தில் இளசுகள், உள்ளே போகப் போகக் கிழடுகள்.