அந்தச் செவலையை மலடு என்று சொல்லாதீர்கள்

போன மாதம் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ரேஸ் கோர்ஸிலிருந்து வெளியே வந்த தரோபிரெட் என்ற பந்தய இனப் பெண் குதிரை, 9 வயது, நல்ல செவலை. நான் வண்டியை விட்டு இறங்குவதற்குள் உரிமையாளர் கேட்டுவிட்டார்: "ஏனுங்க டாக்டர், இது மலடுங்களா? மலடுன்னா இப்பவே சொல்லிருங்க, தள்ளி விட்டுர்றேன்."

ஒரே சீசனில் 11 தடவை இணை சேர்த்திருக்கிறார்கள். முதலில் தோப்பிலேயே இருந்த பொலிகுதிரை. சினை நிற்கவில்லை என்றதும், தரகர் பேச்சைக் கேட்டு வெளியிலிருந்து இன்னொரு பொலிகுதிரை. நடுவில் ஒரு தடவைகூட ஸ்கேன் பார்க்கவில்லை.

வாலைத் தூக்கிப் பார்த்ததுமே பாதி விஷயம் தெரிந்துவிட்டது. உடம்பு இளைத்து, ஆசனவாய் உள்ளே போயிருந்தது. அதற்குக் கீழே செங்குத்தாக நிற்க வேண்டிய பிறப்புறுப்பு, மேல்பக்கம் உள்வாங்கிச் சரிந்து கிடந்தது. போடுகிற லத்தி அதன் மேலேயே விழுகிறது. பத்தடி ஓட்டிப் பார்த்தால் உள்ளே காற்று இழுக்கிற சத்தம் காதில் விழுகிறது. ஸ்கேனில் கருப்பைக்குள் 3 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் திரவம் தேங்கியிருந்தது. அதில் வெள்ளை வெள்ளையாகத் துகள்கள் மிதந்தன.

இந்த வருஷம் இதுபோல நான் பார்க்கிற ஐந்தாவது குதிரை இது. ஐந்து இடத்திலும் அதே வார்த்தைதான், மலடு. குழந்தை இல்லாத பெண்களைச் சொல்லிச் சொல்லி நோகடித்த வார்த்தை அது. வாயில்லாத ஜீவன் மேலும் அதையே தூக்கிப் போடுகிறோம். அந்தத் தோப்பில் நின்றபோது எனக்கு இன்னொரு செவலையின் ஞாபகம் வந்தது.

ஜெனுயின் ரிஸ்க். 1977இல் பிறந்த அமெரிக்கக் குதிரை. தகப்பன் எக்ஸ்க்ளூசிவ் நேட்டிவ். ஒரு வயதில் ஏலத்துக்கு வந்தபோது 32,000 டாலருக்கு ஃபயர்ஸ்டோன் தம்பதி வாங்கினார்கள். அதை முதலில் பார்த்து, பிடித்துப்போய், வாங்கச் சொன்னது அவர்களுடைய பதின்வயது மகன். இரண்டு வயதில் ஓடிய நாலு பந்தயத்திலும் ஜெயித்தது. மூன்று வயதில் ஆண் குதிரைகளோடு முதல்முறையாக வுட் மெமோரியல் பந்தயத்தில் ஓடி மூன்றாவதாக வந்ததும், பயிற்சியாளர் லீராய் ஜாலிக்கு இதை அமெரிக்காவின் பெரிய பந்தயமான கென்டக்கி டெர்பிக்குக் கொண்டுபோகத் தயக்கம். உரிமையாளர்கள் ஓட விடலாம் என்றார்கள்.

1980 மே 3. மொத்தம் 13 குதிரைகள். பந்தயம் கட்டியவர்கள் இதன் மேல் பெரிதாக நம்பிக்கை வைக்கவில்லை, கட்டிய ஒன்றுக்குப் பதிமூன்று என்ற விலை. கடைசி வளைவில் ஜாக்கி ஜெசின்டோ வாஸ்குவெஸ் வெளிப்பக்கமாக எடுத்து முன்னால் கொண்டுவந்தார். ஒரு குதிரை நீளத்தில் ஜெயித்தது. 1915இல் ரெக்ரெட் ஜெயித்த பிறகு, 65 வருஷம் கழித்து ஒரு பெண் குதிரை அந்தக் கோப்பையை எடுத்தது.

இரண்டு வாரம் கழித்து அடுத்த பெரிய பந்தயம், பிரீக்னெஸ். வளைவில் கோடெக்ஸ் என்ற குதிரை மேல் இருந்த ஜாக்கி ஏஞ்சல் கோர்டெரோ இதை வெளியே தள்ளிக்கொண்டு போனார். ஆட்சேபணை, விசாரணை எல்லாம் நடந்தது. முடிவு மாறவில்லை, இரண்டாம் இடம்தான். மூன்றாவது பெரிய பந்தயமான பெல்மான்ட்டில் டெம்பரன்ஸ் ஹில் என்ற குதிரைக்கு அடுத்து மறுபடியும் இரண்டாவது. மூன்று பெரிய பந்தயத்திலும் ஓடி, மூன்றிலும் முதல் இரண்டு இடத்துக்குள் வந்த முதல் பெண் குதிரை அதுதான். மொத்தம் 15 ஓட்டம். 10 வெற்றி, 3 இரண்டாமிடம், 2 மூன்றாமிடம். ஒரு தடவைகூட அதற்குக் கீழே போகவில்லை.

இப்படிப்பட்ட குதிரைக்கு எப்படிப்பட்ட குட்டி பிறக்க வேண்டும்? எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். முதலில் இணை சேர்த்ததே செக்ரடேரியட்டோடு. 1973இல் பெல்மான்ட்டை 31 குதிரை நீளத்தில் ஜெயித்த அதே செக்ரடேரியட். கென்டக்கி டெர்பி ஜெயித்த இரண்டு குதிரைகள் இணை சேர்ந்தது அதுதான் முதல் தடவை. சினை பிடித்தது, நிறைமாதமும் வந்தது. குட்டி செத்துப் பிறந்தது.

அதற்கப்புறம் வருஷக்கணக்கில் உயிரோடு ஒரு குட்டி இல்லை. பணத்துக்கும் வைத்தியத்துக்கும் குறைவில்லாத வீடு. பொலிகுதிரைகளும் சாதாரணமானவை இல்லை. செக்ரடேரியட்டுக்கு மற்ற பெண் குதிரைகளிடம் நூற்றுக்கணக்கில் குட்டிகள் பிறந்திருக்கின்றன. கடைசியில் 1993 மே மாதம், ராஹி என்ற பொலிகுதிரைக்கு ஓர் ஆண் குட்டி உயிரோடு பிறந்தது. பெயர் ஜெனுயின் ரிவார்ட். தாய்க்கு அப்போது வயது 16. என் தொழிலில் இருக்கிறவர்களுக்கு அந்த எண்ணின் கனம் தெரியும். பெண் குதிரைக்குச் சினை பிடிக்கிற தன்மை பதினைந்து வயதை ஒட்டி நன்றாகவே குறைய ஆரம்பித்துவிடும். 1996இல் இன்னொரு குட்டி, கவுன்ட் அவர் பிளெஸ்ஸிங். அவ்வளவுதான். இரண்டு குட்டிகளும் பந்தயத்தில் ஓடவே இல்லை. 2000இல் இனி போதும் என்று நிறுத்தினார்கள். அதற்கப்புறம் எட்டு வருஷம் வர்ஜீனியாவில் அதே உரிமையாளர்களின் பண்ணையில் மேய்ந்துகொண்டிருந்துவிட்டு, 31 வயதில் 2008இல் போய்ச் சேர்ந்தது.

அதன் உடம்பில் என்ன பிரச்சினை என்று நான் இங்கே உட்கார்ந்து சொல்லப்போவதில்லை. ஓட்டம் ஒன்று, கருப்பை ஒன்று, இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது என்பதற்காகத்தான் இந்தக் கதை. நுரையீரலும் இதயமும் காலும் ஓடுகின்றன. கருப்பை ஓடுவதில்லை. ரேஸில் ஜெயித்த குதிரைக்கு ஜெயிக்கிற குட்டி பிறக்கும் என்ற நம்பிக்கையையும் இதோடு சேர்த்து விட்டுவிடுங்கள். ரெக்ரெட்டுக்குக் குட்டிகள் நிறையவே பிறந்தன, தாயைப் போல எதுவும் ஓடவில்லை.

சரி, இப்போது எனக்கு மிகவும் கோபம் வருகிற விஷயத்துக்கு வருகிறேன். "இன்னும் நாலு தடவை விட்டா நின்னுரும் டாக்டர்."

நிற்காது. சொல்லப்போனால் நிற்க வேண்டியதும் கெட்டுப்போகும். மாட்டை வைத்துக் குதிரையைக் கணக்குப் போடாதீர்கள். காளை சேரும்போது விந்து கருப்பை வாசலுக்கு வெளியேதான் விழும். குதிரையில் அது நேரே கருப்பைக்குள் போகிறது. விந்து மட்டும் போவதில்லை. பொலிகுதிரையின் தோலில் இருக்கிற கிருமி, தூசி, மயிர், உங்கள் பெண் குதிரையின் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கிற லத்தி எல்லாம் கூடவே போகும். விந்தே கருப்பைக்கு வெளி ஆள்தான். ஒவ்வொரு சேர்க்கைக்குப் பிறகும் உள்ளே வீக்கம் வரும். நல்ல கருப்பை சுருங்கிச் சுருங்கி, ஒன்றிரண்டு நாளில் அழுக்கையெல்லாம் வெளியே தள்ளிவிடும். வயதான குதிரைக்கும், கருப்பை கீழே தொங்கிப்போன குதிரைக்கும், இந்தச் செவலையைப் போல உள்ளே காற்றும் லத்தியும் போகிற குதிரைக்கும் அந்தச் சக்தி இல்லை. திரவம் தேங்கிவிடும்.

கரு உருவாகிற இடம் கருக்குழாய். அங்கிருந்து ஆறாம் நாள் வாக்கில்தான் அது கருப்பைக்குள் இறங்கும். இறங்குகிற இடத்தில் சீழ் கலந்த குட்டை இருந்தால் என்ன ஆகும்? ஆக, பாதிக் குதிரைகளுக்குச் சினை பிடிக்காமல் இல்லை. பிடித்து, ஆறேழு நாளில் செத்துப்போகிறது. நீங்கள் அடுத்த பருவத்தில் மறுபடி விடுகிறீர்கள், குட்டை இன்னும் பெரிதாகிறது. பொலிகுதிரையை மாற்றினால் புதுக் கிருமி போகிறது. இந்தக் குதிரைக்கு 11 தடவை நடந்தது அதுதான். ஒவ்வொரு தடவையும் புண்ணில் மண் அள்ளிப் போட்டதுபோல.

குதிரை 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும், ஐந்தாறு நாள் நிற்கும். முட்டை வெளியாவது அதன் கடைசி ஓரிரு நாளில். அதை ஸ்கேனில் பார்த்து, அதற்கு முந்தின நாள் ஒரே ஒரு தடவை விட்டால் போதும். தரோபிரெட்டைப் பதிவு செய்ய வேண்டுமானால் நேரடிச் சேர்க்கைதான் விதி, ஊசி போட்டுச் சினைப்படுத்த முடியாது. அதனால் அந்த ஒரு தடவையையாவது ஒழுங்காகச் செய்யுங்கள்: வாலுக்குத் துணி சுற்றி, பின்பக்கத்தைச் சுத்தமான தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டு.

இன்னும் சில. ரேஸிலிருந்து நேற்று வந்த குதிரையை இன்று பொலிகுதிரையிடம் கொண்டுபோகாதீர்கள். சில மாதம் மேயட்டும், விலா எலும்பு மூடட்டும். உடம்பு தேறினாலே சரிந்த பிறப்புறுப்பு பல குதிரைகளுக்குப் பாதி நிமிர்ந்துவிடும். நிமிராவிட்டால் மேல்பக்கம் நாலைந்து தையல் போடுவோம், பத்து நிமிஷ வேலை. ஆனால் குட்டி போடுவதற்கு முன் அந்தத் தையலைப் பிரித்தாக வேண்டும். போட்டவன் நானாக இருந்தாலும் நினைவுபடுத்த வேண்டியது நீங்கள். பிரிக்காமல் விட்டுக் கிழிந்த குதிரையை நான் தைத்திருக்கிறேன், விடிய விடிய.

யாரோ சொன்னார்கள் என்று அயோடினையும் வேறு எதையும் கருப்பைக்குள் ஊற்றாதீர்கள். தயவுசெய்து. வெந்துபோன கருப்பையை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது. முதலில் உள்ளிருந்து மாதிரி எடுத்து என்ன கிருமி என்று பார்ப்போம், அப்புறம் மருந்து. பொலிகுதிரையையும் சோதியுங்கள். இதைச் சொன்னால் பலருக்கு முகம் மாறிவிடுகிறது. குறை ஆணிடம் இருக்கலாம் என்பதை மனுஷனிலும் ஒத்துக்கொள்வதில்லை, குதிரையிலும் ஒத்துக்கொள்வதில்லை.

சேர்த்த 14 முதல் 16 நாளுக்குள் ஸ்கேன். இரட்டைக் கரு இருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்தத் தேதி. தரோபிரெட்டுக்கு இரட்டை வருவது சகஜம், ஆனால் குதிரை இரண்டைத் தாங்காது. பெரும்பாலும் இரண்டுமே போய்விடும். அந்த வாரத்தில் ஒன்றை விரலால் நசுக்கி எடுத்துவிடலாம். ஒரு மாதம் கழித்துக் கூப்பிட்டால் அது எளிதில் முடியாது.

நிறைமாதம் சுமார் 340 நாள். பனிக்குடம் உடைந்து அரை மணிக்குள் குட்டி வெளியே வர வேண்டும். வெள்ளைப் பைக்குப் பதிலாகச் சிவப்பு வெல்வெட் மாதிரி பை முதலில் எட்டிப் பார்த்தால் எனக்காகக் காத்திருக்காதீர்கள். அங்கேயே கிழித்துக் குட்டியை இழுங்கள், இழுத்துக்கொண்டே எனக்கு போன் போடச் சொல்லுங்கள். உள்ளே குட்டிக்கு மூச்சு நிற்கிறது என்று அர்த்தம். குட்டி ஒரு மணிக்குள் எழ வேண்டும், இரண்டு மணிக்குள் சீம்பால் குடிக்க வேண்டும், மூன்று மணிக்குள் நஞ்சுக்கொடி விழ வேண்டும். மாட்டுக்குக் கொடி விழ ஒரு நாள் பார்க்கலாம் என்று இருப்பீர்கள். குதிரைக்கு அப்படி இருந்தால் காய்ச்சல் வந்து, குளம்பு கழன்று, தாயே போய்விடும்.

அந்தத் தோப்புச் செவலைக்குக் கருப்பையை மூன்று நாள் கழுவினேன், தையல் போட்டேன், கொள்ளும் புல்லும் கூட்டச் சொன்னேன். நேற்று மறுபடி போய்ப் பார்த்தேன், திரவம் இல்லை. விலா இன்னும் தெரிகிறது. இந்த சீசன் விட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். உரிமையாளர் கொஞ்ச நேரம் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றுவிட்டு, "சரிங்க டாக்டர், மேயட்டும்" என்றார். தரகர் வந்தால் என் நம்பரைக் கொடுக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.