வாசிக்கிறார்கள், ஏன் கதைக்கிறார்களில்லை?

ஊர்க்குழு நடத்துகிற எவரைக் கேட்டாலும் முறைப்பாடு ஒன்றுதான்: “எல்லாரும் பாத்திருக்கினம், ஒருத்தரும் வாய் திறக்கினமில்லை.” திருவிழா உபயகாரர், பழைய மாணவர் சங்கம், தரம் ஐந்து பெற்றோர், வெங்காயச் செய்கையாளர், சனசமூக நிலையம் என்று எதற்கும் இப்போது வட்ஸ்அப்பிலோ வைபரிலோ ஒரு குழு இருக்கிறது. இருநூறு பேர் இருக்கும் குழுவில் கதைப்பது அதே ஆறேழு பேர். அட்மினுக்குப் பொறுமை போய், “கதைக்காத ஆக்களை எடுத்துவிடப் போறம்” என்று ஒரு அறிவித்தல் போடுவார். இரண்டு நாளைக்கு ‘சரி’, ‘நன்றி’, கைகூப்பும் படம் என்று வந்து குவியும். பிறகு பழையபடிதான்.

அந்த அறிவித்தலால் ஒன்றும் ஆகாது. கதைக்காமல் இருப்பதற்கு ஒரு காரணம் இல்லை, பல உண்டு. அவற்றில் பாதி அட்மின் திருத்த வேண்டியவை. மீதியைத் திருத்தவே தேவையில்லை.

தேவையில்லாததிலிருந்து தொடங்கலாம். இணையப் பயன்பாட்டை ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2006இல் ஒரு பருமட்டான கணக்கைச் சொன்னார். இணையக் கூட்டங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வாசிப்பார்கள், ஒன்பது பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் பெரும்பாலானவற்றை எழுதுவார். இது விதி அல்ல, ஆனால் நம் குழுக்களின் போக்கு இதற்கு அதிகம் விலகி இருப்பதில்லை. வாசிகசாலைக்குக் காலையில் போய் உதயன், வலம்புரிப் பத்திரிகைகளைப் புரட்டிவிட்டு வருகிறவரை “நீர் ஏன் ஆசிரியருக்குக் கடிதம் எழுதேல்லை?” என்று எவரும் மறிப்பதில்லை. அவர் வாசித்தார், விஷயம் தெரிந்துகொண்டார், வீட்டில் போய்ச் சொல்லுவார்.

நொனெக்கி, பிரீஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் மின்னஞ்சல் குழுக்களை எண்ணிப் பார்த்தார்கள். மென்பொருள் உதவிக் குழுக்களில் நூற்றுக்கு 82 பேர் வாய் திறக்காமல் வாசித்தார்கள். உடல்நலக் குழுக்களிலோ அது 46 ஆக இருந்தது. மென்பொருளில் ஒருவருக்குக் கிடைத்த பதில் மற்றவருக்கும் அப்படியே பொருந்தும், திருப்பிக் கேட்க வேண்டியதில்லை. நோயில் இருப்பவருக்குத் தன் பாட்டைச் சொல்லுவதே பாதி மருந்து. ஆகவே குழு எதற்காக என்பதைப் பொறுத்துத்தான் அதன் மௌனத்தை அளக்க வேண்டும். மின்தடை அறிவிக்கிற குழு அமைதியாக இருந்தால் அது நன்றாக நடக்கிறது என்று பொருள். புற்றுநோயாளரின் குடும்பங்களுக்கான குழு அமைதியாக இருந்தால் எங்கோ பிசகு.

அதே ஆய்வாளர்கள் பிறகு, எழுதாதவர்களிடமே காரணம் கேட்டார்கள். முன்னுக்கு நின்ற விடை, வாசிப்பதே போதுமாக இருக்கிறது என்பது. குழுவின் போக்கை இன்னும் அறிய வேண்டும், எழுதாமல் இருப்பதுதான் குழுவுக்கு உதவி, செயலி பிடிபடவில்லை, அங்குள்ளவர்கள் நடந்துகொள்ளும் விதம் பிடிக்கவில்லை என்பவை மற்றவை. சுயநலம், சோம்பல் என்று நாம் நினைப்பது அந்தப் பட்டியலின் தலையில் இல்லை.

இவை பொதுவானவை. யாழ்ப்பாணத்துக்கே உரிய காரணங்கள் வேறு, அவைதான் கனதியானவை.

முதலாவது, நம்பர். வட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் அங்குள்ள எல்லோருக்கும் நம் தொலைபேசி இலக்கம் தெரியும். சும்மா இருக்கும்வரை அது நீண்ட பட்டியலில் ஓர் இலக்கம். ஒரு கேள்வி கேட்ட நிமிடம் ‘இது இன்னாரின்ர மகள்’ என்று அடையாளம் விழுந்துவிடும். பெற்றோர் குழுவில் ஒரு தாய் ரியூசன் நேரத்தைப் பற்றிக் கேட்கிறார். அன்றிரவே அறிமுகமில்லாத இலக்கத்திலிருந்து தனிப்பட ‘ஹாய்’ வருகிறது. அதன் பிறகு அவர் எழுதமாட்டார். அவரைப் பார்த்த மற்றத் தாய்மாரும் எழுதமாட்டார்கள். இதைத் தனிப்பட்டவரின் கூச்சம் என்று தள்ளிவிட முடியாது, குழுவின் அமைப்பில் உள்ள ஓட்டை இது. வைபர் கொம்யூனிட்டியில் இலக்கம் மறைந்திருக்கும். வட்ஸ்அப் கொம்யூனிட்டியின் அறிவித்தல் குழுவிலும் அப்படியே. ஒருவரையொருவர் அறியாத ஐம்பதுக்கு மேற்பட்டோர் சேரும் குழுவென்றால் தொடக்கத்திலேயே இவற்றில் ஒன்றைத் தேர்வது நல்லது. ஏற்கெனவே சாதாரணக் குழுவாகத் தொடங்கியிருந்தால் ஒரு பெண்ணையும் அட்மினாக்கி, “தேவையில்லாமல் தனிப்படச் செய்தி வந்தால் இவரிடம் சொல்லுங்கள், அனுப்பியவர் அன்றே நீக்கப்படுவார்” என்று எழுதி மேலே குத்திவையுங்கள். வட்ஸ்அப்பில் அப்படி 24 மணித்தியாலம், 7 நாள், 30 நாள் என்று ஒரு செய்தியை மேலே குத்திவைக்கலாம். 30ஐத் தெரிந்து, மாதம் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

இரண்டாவது, மரியாதை. ஓய்வுபெற்ற அதிபர் இருக்கும் பழைய மாணவர் குழுவில் ஐம்பது வயதுக்காரரும் பள்ளிப் பெடியனாகிவிடுவார். சேர் ஒரு கருத்தைச் சொல்லிவிட்டால் மாற்றுக் கருத்து எழுதுவது எதிர்த்துக் கதைப்பதாகப்படும். எழுத்துப் பிழை விடவும் பயம். தலைவரும் பெரியவர்களும் கடைசியில் கதைப்பது என்று முன்கூட்டியே பேசிவைப்பதைத் தவிர இதற்கு நல்ல வழி தெரியவில்லை. பெரியவர்களிடம் தனியாகச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். எல்லார் முன்னிலையிலும் சொன்னால் கோபம்தான் மிஞ்சும்.

மூன்றாவது, நேரம். புலம்பெயர்ந்தவர்கள் இருக்கும் எந்தக் குழுவிலும் இது நடக்கிறது. கோடைகாலத்தில் ரொறன்ரோ நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னுக்கு, குளிர்காலத்தில் பத்தரை. ஊரில் இரவு பதினொரு மணி, படுக்கப்போகும் நேரம். அங்கே கோடையென்றால் பிற்பகல் ஒன்றரை, மதிய இடைவேளை. இலண்டனில் மாலை ஆறரை, வேலை முடிந்து தொலைபேசியைக் கையில் எடுக்கும் நேரம். மண்டபத்துக்கு ஓடா சீற்றா, தேருக்குப் புது வடமா என்ற விவாதம் நாம் நித்திரையாக இருக்கும்போது தொடங்கி முடிந்துவிடும். விடிய எழும்புகிறவர் நூற்றைம்பது செய்திகளைக் கீழிருந்து மேலே தள்ளிப் பார்த்துவிட்டு, ‘அவை முடிவெடுத்திட்டினம்’ என்று போனை வைத்துவிடுவார். காசு அனுப்புகிறவர்கள் அவர்கள் என்ற எண்ணமும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். கோயிலுக்குப் பக்கத்தில் இருப்பவரின் கருத்து அப்படித்தான் குழுவில் இல்லாமல் போகிறது. காசு சம்பந்தமான எந்த முடிவுக்கும் 48 மணித்தியாலம் விட வேண்டும். இரு பக்கத்துப் பகலும் இரண்டு தடவை வந்து போகும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். கந்தோரில் கணினியில் பாமினி எழுத்துருவில் தட்டிப் பழகியவர்களுக்குத் தொலைபேசித் தட்டச்சில் எழுத்து பிடிபடுவதில்லை. குரல்பதிவு அனுப்பலாம் என்று சொல்லுங்கள், ஆனால் அரை நிமிடத்துக்கு மேல் போகாமல். காலை வணக்கப் படங்கள் நிறைந்த குழுவைச் சனம் ‘எப்போதும்’ என்று போட்டுச் சத்தத்தை நிறுத்திவைத்திருக்கும். அங்கே நீங்கள் போடும் அறிவித்தல் பலரின் கண்ணில் படுவதே இல்லை. பிறகு, எழுதியது ஸ்கிரீன்ஷொட்டாக எங்கே போகும் என்ற பயம். 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தோடு வளர்ந்த தலைமுறைக்கு எழுத்தில் ஒன்றைப் பதிவதே யோசனைக்குரிய காரியம். இப்போது 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. அரசியல் வாடை வரும் செய்திக்குக் கீழ் அமைதியாக இருப்பவரை அட்மின் சீண்டக் கூடாது. அந்த எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு.

ஒரு நுட்பமான காரணம் மிச்சம்: ‘வேற ஆரும் சொல்லுவினம்தானே.’ 1968இல் டார்லியும் லட்டானேயும் நியூயோர்க்கில் செய்த சோதனை இதற்குச் சரியாகப் பொருந்துகிறது. பங்கேற்றவர்கள் தனித்தனி அறைகளில், ஒருவரையொருவர் காணாமல், ஒலிவாங்கி வழியாகக் கதைத்தார்கள். நம் குழுக்களைப் போலவே. நடுவில் ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோலச் சத்தம் கேட்டது. கேட்டவர் தான் மட்டுமே என்று நினைத்தவர்களில் நூற்றுக்கு 85 பேர் அந்தச் சத்தம் ஓயும் முன்பே உதவிக்கு எழுந்தார்கள். இன்னும் நால்வர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 பேர்தான் எழுந்தார்கள்.

‘அவசரம், ஓ நெகட்டிவ் இரத்தம் தேவை, பகிரவும்’ என்ற செய்திக்கு இருநூறு பேர் குழுவில் நடப்பது இதுதான். எல்லோரும் அடுத்த குழுவுக்குத் தள்ளிவிடுவார்கள், இரத்தம் கொடுக்க எவரும் புறப்படமாட்டார். போதாததற்குத் திகதி இல்லாத செய்தி மாதக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். செய்தியில் திகதி, நேரம், வைத்தியசாலை, விடுதி இலக்கம், யாரிடம் பேசுவது என்ற ஐந்தும் இருக்க வேண்டும். நோயாளியின் பெயரும் நோயும் வேண்டாம். அதே நேரத்தில் அந்த வகைக் குருதி உள்ளவர்கள் மூன்று பேருக்கு அட்மின் நேரடியாக அழைப்பெடுக்க வேண்டும். கிடைத்ததும் முதற் செய்திக்குப் பதிலாக ‘கிடைத்துவிட்டது, இனி அனுப்ப வேண்டாம்’ என்று போட்டு, முதற் செய்தியை அழித்துவிடலாம்.

இனி, கேள்வி கேட்கும் விதம். விவசாயக் குழுவில் “வெங்காயம் ஆருக்கும் பழுதாகுதோ?” என்று கேட்டால் பதில் வராது. பழுது என்று ஒத்துக்கொள்வது தோட்டக்காரனுக்குக் கௌரவக் குறை. அதோடு எவ்வளவு விளக்கமாக எழுதுவது என்பதும் தெரியாது. அதையே இப்படிக் கேட்கலாம்: “நட்டு 30 முதல் 45 நாளான சின்னவெங்காயம். தாள் நுனியிலிருந்து கருகி வருகுதோ? இல்லையெண்டால் 1, ஒண்டிரண்டு பாத்தியில எண்டால் 2, தோட்டம் முழுக்க எண்டால் 3. இலக்கத்தை மட்டும் போடுங்கோ. நாளைக்குப் பின்னேரம் ஆறு மணிவரை.” இதற்கு ஒரு விரல் போதும், எழுத்துப் பிழைக்கு இடமில்லை, மற்றவரும் 2 போட்டிருப்பதைக் கண்டால் வெட்கமும் இல்லை. 3 போட்டவர்களிடம் விவசாயப் போதனாசிரியர் தனியாக மூன்று படங்கள் கேட்கலாம்: முழுப் பாத்தி, வெள்ளைக் கடதாசியில் வைத்த ஒரு தாள், கடைசியாக அடித்த மருந்துப் போத்தலின் லேபல். பதிலைக் குழுவில் போடும்போது மருந்தின் அளவு, எத்தனை லீற்றர் தண்ணீருக்கு, அறுவடைக்கு எத்தனை நாள் முன்னர் நிறுத்த வேண்டும் என்பவை கட்டாயம் வேண்டும். வாசிக்கிறவர் நூறு பேர், கேட்டவர் ஒருவர். சும்மா வாசித்தவர் தோட்டத்தில் போய் அடிக்கப்போகிறார் என்பதை எழுதுகிறவர் மறக்கக் கூடாது. யாரோ பிழையான அளவைப் போட்டு, தெரிந்தவர்கள் ‘எனக்கென்ன’ என்று இருந்துவிட்டால், அந்த மௌனத்தை மற்றவர்கள் ஆமோதிப்பாகவே எடுத்துக்கொள்வார்கள். திருத்துவது மட்டும் அன்றே நடக்க வேண்டும்.

ஆமோதிப்பு என்ற விஷயத்தில்தான் குழுக்கள் அதிகம் உடைகின்றன. “ஒருத்தரும் மறுப்புச் சொல்லேல்லை, அப்ப சம்மதம்தானே” என்று செயலாளர் எழுதிவிடுவார். கணக்குக் காட்டும் நாளில் பொதுச்சபையில் பிரளயம். மௌனத்தை வாக்காக எண்ணாதீர்கள். வட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியவர் அதை அழுத்திப் பிடித்துத் தகவலைத் திறந்தால் யார் எத்தனை மணிக்கு வாசித்தார் என்று தெரியும். நீலச் சரியை நிறுத்தி வைத்தவர்களும் குழுச் செய்தியில் அங்கே தெரிவார்கள். “120 பேர் பார்த்தார்கள், 34 பேர் ஆம், 5 பேர் இல்லை” என்று மூன்று எண்களையும் குறிப்பேட்டில் பதியலாம். ஆனால் பெயர் சொல்லி “நீங்கள் பாத்தனீங்கள், ஏன் பதில் இல்லை?” என்று கேட்கப் போனால், அடுத்த முறை அவர் செய்தியைத் திறக்கவேமாட்டார்.

வட்ஸ்அப் வாக்கெடுப்பில் யார் எதற்கு வாக்களித்தார் என்பது குழுவுக்கே தெரியும். கூட்டம் சனியா ஞாயிறா என்பதற்கு அது நல்லது. தலைவரை மாற்றுவதா என்பதற்குக் கூடாது. அதற்குக் கூகிள் படிவத்தில் மின்னஞ்சல் சேகரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்கலாம், அல்லது கூட்டத்தில் துண்டுக் கடதாசி. துண்டுக் கடதாசியில் வரும் கருத்து குழுவில் ஒருபோதும் வந்திருக்காது.

சொலமன் ஆஷ் 1951இல் கோடுகளின் நீளத்தைக் கேட்டு ஒரு சோதனை செய்தார். எல்லோரும் கூட்டாகப் பிழையான விடை சொல்லும்போது பலர் தம் கண்ணை நம்பாமல் கூட்டத்தோடு போனார்கள். ஒரேயொரு ஆள் சரியான விடை சொன்னதும் அப்படிப் போவது வெகுவாகக் குறைந்தது. குழுவிலும் அந்த ஒரு ஆள்தான் தேவை. “பெயர் போடாமல் சொல்ல விருப்பமானவை எனக்குத் தனியாக அனுப்புங்கோ” என்று அட்மின் கேட்டு, வந்ததை மூன்றாமவர் நடையில் தானே போடலாம். அனுப்பியவரின் சொற்களை அப்படியே ஒட்டினால் நடையை வைத்தே ஆளைப் பிடித்துவிடுவார்கள், ஊர் அப்படி.

புதிதாக ஒருவர் முதன்முதல் எழுதினால் சில மணித்தியாலத்துக்குள் யாராவது பதில் போட வேண்டும். ‘இது முந்தியே கதைச்சதுதானே’ என்பதைத் தவிர எந்தப் பதிலும் ஆகும். பழைய விடை இருந்தால் அதை எடுத்துக் கொடுக்கலாம். எழுத விரும்புகிறவருக்கும் ஒரு குறிப்பு: வாழ்த்தோடு தொடங்க வேண்டாம், அது வாழ்த்துக் குவியலில் மறைந்துவிடும். ஒரே கேள்வி, ஒரே படம், எங்கே எப்போது என்பது போதும்.

சிலர் போய்விடுவார்கள். 2022இலிருந்து வட்ஸ்அப்பில் ஒருவர் வெளியேறினால் அட்மின்களுக்கு மட்டுமே அறிவித்தல் வரும். அதைக் குழுவில் எடுத்துப் போடாமல், தனியாக ஒரு கேள்வி கேளுங்கள்: “அறிவித்தல் மட்டும் வருகிற குழுவில சேர்த்துவிடட்டோ?” சத்தம் கூடிப்போய் வெளியேறியவராக இருந்தால் ‘ஓம்’ என்பார். பதில் வராவிட்டால் இரண்டாம் முறை கேட்க வேண்டாம்.