வலி போனது, மருந்து போனதா? போட்டிக் குதிரைகளின் மருந்துக் கணக்கு

லேசாக நொண்டும் 500 கிலோ குதிரைக்குக் கால்நடை மருத்துவர் பெரும்பாலும் முதலில் எடுப்பது பினைல்பியூட்டசோன் என்ற வலி நிவாரணி. முதல் நாள் உடல் எடையில் கிலோவுக்கு 4.4 மில்லிகிராம், அதாவது 2.2 கிராம், இரண்டு வேளை; மறுநாளிலிருந்து வேளைக்குப் பாதி. இரண்டு மூன்று நாளில் நொண்டல் மறைந்துவிடலாம். மருந்து மறைந்திருக்காது. அமெரிக்காவின் 1968 கென்டக்கி டெர்பி பந்தயத்தில் முதலாவதாக வந்த டான்சர்ஸ் இமேஜ் என்ற குதிரை வெற்றியைப் பறிகொடுத்ததற்கு, பந்தயத்துக்குப் பின் எடுத்த சிறுநீரில் இதே மருந்து தென்பட்டதுதான் காரணம்.

குதிரையின் இரத்தத்தில் இதன் அளவு ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிறது. பத்து முறை பாதியானால், அதாவது 60 மணி நேரத்தில், 2.2 கிராமில் மிஞ்சுவது 2 மில்லிகிராம் சொச்சம். வலியை அடக்க அது போதாது. ஆய்வகக் கருவிக்கோ தாராளம். மில்லிலிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலும் பிடித்துவிடும். தவிர, இந்தப் பாதிக் கணக்கு கடைசிவரை செல்லாது. அளவு கூடினால் கல்லீரல் திணறி வெளியேற்றம் மந்தமாகும். வீங்கிய திசுக்களில் தங்கிய மீதியும் மெல்லத்தான் கசியும். கல்லீரல் இதை மாற்றி உண்டாக்கும் ஆக்சிபினைல்பியூட்டசோனும் வலி நிவாரணியே. அதுவும் சோதனையில் தெரியும்.

சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு (எஃப்.இ.ஐ) வெளியிடும் கண்டறியும் காலப் பட்டியலில் பினைல்பியூட்டசோனுக்கு 168 மணி நேரம், அதே வகை வலி நிவாரணிகளான ஃப்ளூனிக்சினுக்கு 144, மெலாக்சிகாமுக்கு 72 என்று இருக்கிறது. லாயங்களில் மிக அதிகமாகத் தவறாக வாசிக்கப்படுவது இந்தப் பட்டியல்தான். குறிப்பிட்ட அளவில், குறிப்பிட்ட வழியில் மருந்து கொடுக்கப்பட்ட ஆரோக்கியமான சில குதிரைகள் அத்தனையும் சோதனையில் தப்பிய முதல் நேரம் அது. உங்கள் குதிரை அந்தச் சிலவற்றில் ஒன்றல்ல. அதன் வயது, எடை, சிறுநீரக நிலை, எத்தனை நாள் மருந்து ஓடியது என்பதையெல்லாம் பார்த்து, அந்த எண்ணுக்கு மேல் எத்தனை நாள் கூட்டுவது என்று மருத்துவர் தீர்மானிப்பதே விலக்கு காலம். மருந்தின் அளவை ஒன்றரை மடங்காக்கிவிட்டுப் பட்டியல் நேரத்தையே நம்புவது சூதாட்டம்.

கணக்கைக் குலைக்கும் காரணங்கள் மருந்துப் பெட்டிக்கு வெளியேயும் உண்டு. வாய்வழி தரும் பினைல்பியூட்டசோன் காய்ந்த புல்லில் ஒட்டிக்கொள்ளும். புல் பெருங்குடலில் நொதிக்கும்போது மருந்து மறுபடி விடுபட்டு, இரத்தத்தில் இரண்டாவது முறை ஏறும். வழக்கமாகக் காரத்தன்மையுள்ள குதிரைச் சிறுநீர் கடும் ஓட்டத்துக்குப் பின் அமிலமாகும். அப்போது இத்தகைய அமில மருந்துகள் வெளியேறுவதும் தாமதமாகும்.

இதைவிடத் தந்திரமானது படுக்கை வைக்கோல். ஃப்ளூனிக்சின் கணிசமாகச் சிறுநீரில் வெளியேறுகிறது. சிறுநீர் ஊறிய வைக்கோலைக் குதிரை கொறித்தால் சொட்டுச் சொட்டாக மீண்டும் மருந்து ஏறும். பட்டியலில் எண்ணிய மணிகள் வீண். சிகிச்சை நாட்களில் மரத்தூள் படுக்கைக்கு மாறுங்கள். கடைசி வேளைக்குப் பின் அறையை முழுதாகக் காலி செய்து கழுவுங்கள். மருந்து வாங்கிய குதிரையின் அறையில் மறுநாளே இன்னொரு குதிரையைக் கட்டாதீர்கள். மருந்து கலந்த தீவன வாளி அந்தக் குதிரைக்கு மட்டுமே இருக்கட்டும்.

போட்டி நெருங்குகிறதென்று இரண்டு வலி நிவாரணிகளைச் சேர்த்துக் கொடுப்பது, விதியை விடுங்கள், உடலுக்கே கேடு. வயிற்றுப்புண், சிறுநீரகச் சேதம், வலப்பக்க மேல் பெருங்குடல் அழற்சி மூன்றும் வரலாம். புரோக்கைன் பென்சிலினும் ஒரு பொறி. நுண்ணுயிர்க்கொல்லியால் சிக்கல் இல்லை. அதோடு சேர்ந்த புரோக்கைன் மரத்துப்போகச் செய்யும் மருந்து, ஊசி போட்டு வெகுநாள் கழித்தும் சிறுநீரில் தெரியும்.

போட்டி நாட்களில் எஃப்.இ.ஐ அனுமதிக்கும் மருந்துகள் சிலவற்றில், இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் ஓமெப்ரசோல் முக்கியமானது. குதிரையின் இரைப்பை நாள் முழுதும் அமிலம் சுரக்கும். அதன் மேல்பகுதிக்குச் சளிப் பாதுகாப்பு இல்லை. ஓடும்போது வயிற்றழுத்தம் கூடி அமிலம் மேலே தெறிப்பதால் அங்கே புண் வருகிறது. சிகிச்சைக்குக் கிலோவுக்கு 4 மில்லிகிராம், தினம் ஒரு வேளை, வழக்கமாக 28 நாள். அமிலம் பட்டால் இந்த மருந்தே சிதைந்துவிடும். அதனால்தான் காப்புப் பூச்சுள்ள துகளாகவோ அமிலத்தை முறிக்கும் பொருள் கலந்த பசையாகவோ வருகிறது. துகளை நசுக்கிக் கொடுத்தால் காசு போனதுதான் மிச்சம். காலையில் வெறும் வயிற்றில் கொடுத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத் தீவனம் வையுங்கள். பினைல்பியூட்டசோனோடு இதைச் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. பெருங்குடலை இது காக்காது.

கொடுக்காத மருந்தும் சோதனையில் வரும். ஊமத்தைச் செடி கலந்த புல்லிலிருந்து அட்ரோபின், கோகோ உமி கலந்த தீவனத்திலிருந்து தியோபுரோமின், காபி குடித்த கோப்பையிலிருந்து காஃபீன். மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் 2008 ஒலிம்பிக்கில் தாண்டுதல் போட்டிக் குதிரைகள் சிலவற்றில் சிக்கியது. வலி தணிக்கும் களிம்புகளில் இருக்கும் அது, கால் தோலைக் கூருணர்வாக்கி, தடையில் பட்டால் அதிகம் வலிக்கச் செய்யவும் பயன்படும். எனவே களிம்பு தடவிய கையோடு கடிவாளத்தைத் தொடாதீர்கள். ஒவ்வொரு தீவன மூட்டையிலிருந்தும் ஒரு பிடியை எடுத்து, தொகுதி எண் எழுதி, உலர்வாக மூடி வையுங்கள். மருந்தின் பெயர், அளவு, வழி, கொடுத்த நேரம், கொடுத்தவர் கையெழுத்து ஆகியவை அன்றன்றே பதிவேட்டில் ஏறட்டும். சோதனை முடிவு வந்தபின் எழுதிய பதிவேட்டை விசாரணையில் யாரும் நம்பமாட்டார்கள்.