படகின் அடியில் தேங்கும் தண்ணீர்: புதுச் சட்டங்களைப் பார்த்துப் பயப்படும் படகுக்காரர்களுக்கு

"சார், புதுச் சட்டம் வந்திருக்காமே. இனிமே படகுலேர்ந்து ஒரு சொட்டுத் தண்ணி வெளிய விட்டாலும் கேஸாமே?" ராயபுரம், காசிமேடு பக்கம் சின்னப் படகுகளின் இன்ஜின் வேலை பார்க்கிற என்னிடம் இப்போது அதிகம் வருகிற கேள்வி இதுதான். கேட்பவர்கள் மீன்பிடித் தொழிலில் இருப்பவர்கள் அல்ல. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கடலுக்குப் போக ஃபைபர் போட் வைத்திருப்பவர், தூண்டில் போடும் ஆசைக்காகவே படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் ஔட்போர்டு இன்ஜின் வாங்கியவர், பாய்மரப் படகில் சின்ன டீசல் இன்ஜின் பொருத்தியிருப்பவர். வடசென்னைக்கு இந்தப் பழக்கம் புதிதல்ல. சென்னைத் துறைமுகத்துக்குள் பாய்மரப் படகு ஓட்டும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-இலேயே தொடங்கியது.

அவர்களுடைய பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. அடுத்தடுத்துச் சட்டங்கள் வந்திருப்பது உண்மை. 2021-இல் உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம் வந்தது. ஆறு, கழிமுகம், காயல் போன்ற உள்நாட்டு நீர்களில் ஓடும் இயந்திரப் படகுகள் தண்ணீரை மாசுபடுத்தக் கூடாது என்பதற்கு அதில் தனி அத்தியாயமே உண்டு. 2025-இல் புதிய வணிகக் கப்பல் சட்டமும் புதிய துறைமுகச் சட்டமும் நிறைவேறின. இதையெல்லாம் செய்தியில் துண்டு துண்டாகப் படித்தால், இன்ஜினைக் குளிரவைத்து வெளியே வரும் தண்ணீருக்குக்கூட அனுமதி வாங்க வேண்டுமோ என்று தோன்றத்தான் செய்யும்.

இதே பயம் அமெரிக்காவில் ஒருமுறை பெரிய அளவில் கிளம்பியது. படகிலிருந்து இயல்பாக வெளியேறும் தண்ணீருக்கு அங்கே நீண்ட காலமாக இருந்த விதிவிலக்கை ஒரு நீதிமன்றம் ரத்து செய்தது. கப்பல்கள் ஆடாமல் இருக்கத் தொட்டிகளில் ஏற்றி இறக்கும் நிலைப்படுத்தும் நீரை மனதில் வைத்துத் தொடங்கிய வழக்கு அது. ஆனால் தளம் கழுவிய தண்ணீர், இன்ஜின் குளிர்நீர், மழைத் தண்ணீர் எல்லாவற்றுக்கும் சின்னப் படகுக்காரர்களும் பெர்மிட் எடுக்க வேண்டிய நிலை வரும் போலிருந்தது. படகுக்காரர்கள் ஒன்று சேர்ந்து குரல் கொடுத்தார்கள். 2008 ஜூலையில் தனிச் சட்டம் போட்டு, பொழுதுபோக்குப் படகுகளுக்கு அந்த பெர்மிட் தேவையில்லை என்றார்கள். நம் ஆட்கள் இந்தக் கதையை இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த விலக்கு எண்ணெய்க்கும் இல்லை, கழிப்பறைக் கழிவுக்கும் இல்லை. தண்ணீரின் மேல் எண்ணெய்ப் பளபளப்பு கண்ணில் பட்டாலே அங்கே குற்றம்தான், எவ்வளவு சின்னப் படகாக இருந்தாலும்.

நான் சொல்ல வருவதும் இந்தப் பிரிப்பைத்தான். இன்ஜினைச் சுற்றி வந்து வெளியே விழும் குளிர்நீர், ஔட்போர்டை நல்ல தண்ணீர் விட்டு அலசுவது, தளத்தில் விழுந்து வடியும் மழைத் தண்ணீர், இவற்றை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். பயப்பட வேண்டியது படகின் அடியில், பலகைக்குக் கீழே தேங்கும் பில்ஜ் தண்ணீருக்கு.

உங்கள் படகில் இன்ஜின் மேல் மூடியிருக்கும் பலகையைத் தூக்கி, டார்ச் அடித்துப் பாருங்கள். புரொப்பெல்லர் ஷாஃப்ட் வெளியே போகிற இடத்தில், கடல் தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும் அடைப்பான கிளாண்டு இருக்கும். பழைய வகை பேக்கிங் போட்ட கிளாண்டு, ஷாஃப்ட் சுற்றும்போது சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடத்தான் வேண்டும், அப்போதுதான் சூடாகாது. அந்தச் சொட்டோடு கிரீஸும் வரும். இன்ஜெக்டர் ரிட்டர்ன் குழாயில் கசியும் டீசல், ஃபில்டர் கழற்றும்போது வழிந்த ஆயில், கியர் பாக்ஸ் சீல் விடும் ஆயில், துடைத்துவிட்டு மறந்துபோன துணி, எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். கறுத்த தண்ணீர், மேலே வானவில் நிறத்தில் ஒரு படலம், மூக்கில் ஏறும் டீசல் வாடை. வாரம் ஒரு தடவை மட்டும் கடலுக்குப் போகும் படகில்தான் இது மோசமாக இருக்கிறது. தினமும் தொழிலுக்குப் போகும் படகில் டிரைவர் தினமும் பலகையைத் தூக்குகிறார். பொழுதுபோக்குப் படகில் யாரும் தூக்குவதில்லை.

அங்கே ஒரு சின்ன பம்ப் இருக்கும், பக்கத்தில் ஃபிளோட் சுவிட்ச். தண்ணீர் ஏறினால் தானாக ஓடி வெளியே தள்ளும். படகு மூழ்காமல் காப்பது அது, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இரவெல்லாம் கொட்டும்போது என்ன நடக்கிறது? கட்டிப் போட்ட படகில் யாரும் இல்லை. மழைத் தண்ணீர் பில்ஜுக்குள் இறங்குகிறது, ஃபிளோட் ஏறுகிறது, பம்ப் ஓடுகிறது. உரிமையாளர் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும்போது, ஒரு வருடம் சேர்ந்த எண்ணெய் துறைமுகத் தண்ணீருக்குள் போகிறது. காலையில் ஜெட்டிக்கு வருகிறவர்கள் பளபளப்பைப் பார்த்து, "எந்தப் போட்டுண்ணே இது?" என்று ஒருவரையொருவர் கேட்பார்கள். யாருக்கும் தெரியாது, அந்தப் படகின் சொந்தக்காரருக்கும் சேர்த்து.

ஒரு லிட்டர்தானே என்று தோன்றும். வானவில் நிறம் காட்டும் படலத்தின் தடிமன் ஒரு மைக்ரான் அளவில் இருக்கும். ஒரு லிட்டர் எண்ணெய் அந்தத் தடிமனில் பரவினால் ஆயிரம் சதுர மீட்டர். சென்னைக் கணக்கில் கிட்டத்தட்ட நாலரை கிரவுண்டு. பெரிய கப்பல்கள் கடலில் ஓடிக்கொண்டிருக்கும்போது வெளியே விடும் பில்ஜ் தண்ணீரில் எண்ணெய் பத்து லட்சத்தில் 15 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது, கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தமான மார்போலின் விதி. ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு 15 மில்லி, இருமல் மருந்து பாட்டிலின் மூடியளவு. 400 டன்னுக்கு உட்பட்ட கப்பல்கள், அப்படிச் சுத்தப்படுத்தும் கருவி இல்லை என்றால், எண்ணெய்த் தண்ணீரைக் கப்பலிலேயே வைத்திருந்து கரையில் ஒப்படைக்க வேண்டும். துறைமுகத்துக்குள் எண்ணெயோ எண்ணெய் கலந்த தண்ணீரோ விடக் கூடாது என்பது 1908-ஆம் ஆண்டின் பழைய துறைமுகச் சட்டத்திலேயே 21-ஆம் பிரிவில் இருந்தது. ஆகவே தடை புதிதல்ல. கண்காணிப்பு வருமோ என்ற பயம்தான் புதிது.

சரி, என்ன செய்யலாம்? நான் ஒவ்வொரு படகிலும் முதலில் செய்வது ஒரு பாட்டில் சோதனை. காலித் தண்ணீர் பாட்டிலில் பில்ஜ் தண்ணீரைப் பிடித்து, மூடி, ஒரு மணி நேரம் ஆடாமல் வையுங்கள். மேலே கறுப்பு வளையம் நின்றால் அந்தப் படகின் பம்பைத் தானாக ஓட விடக் கூடாது. முதலில் கசிவைப் பிடிக்க வேண்டும். நிறைய பேர், "எண்ணெய் மேலே மிதக்கும், பம்ப் அடியிலிருந்துதானே இழுக்கிறது, அப்போ சுத்தத் தண்ணிதானே போகும்" என்று கேட்கிறார்கள். பாதி சரி. கடைசி இரண்டு மூன்று அங்குலம் வரும்போது மேலே இருந்ததும் இறங்கிவிடும். தவிர, வேகமாகச் சுழலும் பம்ப் எண்ணெயை அடித்துக் கலக்கிப் பால் மாதிரி ஆக்கிவிடும், பிறகு அது பிரியாது. கடைசித் தண்ணீரை ஒரு மக்கில் மொண்டு கேனில் எடுப்பதுதான் நல்லது.

எண்ணெயை மட்டும் உறிஞ்சி, தண்ணீரை ஒட்டவிடாத பாலிப்ரொப்பிலீன் பேட் கிடைக்கிறது. ஒன்றை பில்ஜில் போட்டு, கயிற்றால் கட்டி வையுங்கள். கட்டாவிட்டால் பம்பின் வாயில் போய் அடைத்துக்கொள்ளும். இன்ஜினுக்கு அடியில் ஒரு தகர ட்ரே. ஃபில்டர் கழற்றுவதற்கு முன் ஒரு பாலிதீன் பையை அதன் மேல் மாட்டிவிட்டுத் திருகினால் வழிகிற ஆயில் பைக்குள் விழும். இந்த மூன்றுக்கும் ஆகும் செலவு, நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை எரிக்கும் பெட்ரோலைவிடக் குறைவு.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். தண்ணீரில் எண்ணெய்ப் படலம் தெரிந்ததும் சோப்புத் தூளையோ பாத்திரம் கழுவும் திரவத்தையோ ஊற்றுகிற வழக்கம் ஜெட்டியில் இருக்கிறது. படலம் நொடியில் மறையும், வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். எண்ணெய் எங்கும் போகவில்லை. கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடைந்து தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. மேலே இருந்தபோது பேட் போட்டு எடுத்திருக்கலாம், இனி எடுக்க முடியாது. மீனின் செவுளுக்கு அந்த எண்ணெயும் கேடு, சோப்பும் கேடு.

பழைய டூ ஸ்ட்ரோக் ஔட்போர்டு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கார்புரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் ஊற்றும் எரிபொருளில் நான்கில் ஒரு பங்குவரை எரியாமலே புகையோடு வெளியேறும். அந்தப் புகை தண்ணீருக்கு அடியில்தான் விடப்படுகிறது. இன்ஜின் மாற்றும் எண்ணம் இருந்தால் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மாறுங்கள். எரிபொருள் செலவிலும் அது மிச்சம்.

இப்போது, எல்லோரும் கோபத்தோடு கேட்கும் கேள்விக்கு வருகிறேன். "எண்ணூர்ல இவ்ளோ நடக்குது, அதையெல்லாம் விட்டுட்டு எங்க சின்னப் படகுதான் கண்ணுக்குத் தெரியுதா?" கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய் கரையோரமெல்லாம் ஒதுங்கியது. எர்ணாவூரில் பாறைகளுக்கு இடையே தேங்கியதை ஆட்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்துக்குள் இறங்கியபோது, படகுகளும் வலைகளும் கறுத்துப்போய், ஒரு பாவமும் அறியாத மீனவக் குடும்பங்களின் பிழைப்பு நின்றது. அனல் மின் நிலையத்தின் சாம்பலும் வெந்நீரும் அந்தக் கழிமுகத்தை என்ன செய்திருக்கின்றன என்பதை அங்கே இறால் தடவிப் பிழைப்பவர்கள் சொல்வார்கள். பெரியவர்கள் மீதும் சட்டம் அதே கண்டிப்போடு பாய வேண்டும் என்று கேட்பதில் நான் உங்கள் பக்கம்.

ஆனால் அந்த வாதத்தை வைத்து நம் பில்ஜ் தண்ணீரைத் திறந்துவிட முடியாது. அலைதடுப்புச் சுவர்களுக்குள் அடங்கிய துறைமுகத்தில் தண்ணீர் சீக்கிரம் மாறுவதில்லை. திறந்த கடலில் கலைந்துபோவது இங்கே அப்படியே நிற்கிறது. அந்தத் தண்ணீரில் இடுப்பளவு இறங்கி நின்று நம் படகைத் தள்ளிவிடும் பையன்கள் இருக்கிறார்கள். வேலை முடிந்து ஏறும்போது இடுப்பில் எண்ணெய்க் கோடு இருக்கிறது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொள்கிறார்கள். அந்த எண்ணெய் தொழிற்சாலையிலிருந்து வந்ததல்ல, பக்கத்தில் கட்டியிருக்கும் படகுகளிலிருந்து வந்தது.

கழிப்பறை விஷயம் சுருக்கமாக. சுத்திகரிக்காத கழிவைக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால்தான் விடலாம் என்பது பெரிய கப்பலுக்கான சர்வதேச விதி. நம் படகுகளில் பாதி அவ்வளவு தூரம் போவதே இல்லை. தூக்கி எடுத்து வரக்கூடிய கழிப்பறைப் பெட்டி ஒன்று வாங்கி, கரைக்கு வந்து கழிப்பறையில் கொட்டுங்கள். பிளாஸ்டிக்குக்கு எந்த அளவுப் படகுக்கும், எவ்வளவு தூரத்திலும் அனுமதி கிடையாது. அறுந்த தூண்டில் நரம்பும் பிளாஸ்டிக்தான்.

உங்கள் புகார்களில் எனக்கு முழுச் சம்மதம் உள்ள ஒன்று இருக்கிறது: கேனில் எடுத்து வந்த எண்ணெய்த் தண்ணீரை எங்கே கொடுப்பது? உள்நாட்டுக் கப்பல்கள் சட்டத்திலேயே கழிவைப் பெற்றுக்கொள்ளும் வசதியை ஏற்படுத்துவதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். அந்த வசதி படகு கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் இல்லாமல் அபராதம் மட்டும் வந்தால், தண்ணீர் இரவில் போகும், பகலில் போகாது, அவ்வளவுதான் மாறும். பழைய இன்ஜின் ஆயிலை அபாயகரமான கழிவு என்று 2016 விதிகள் சொல்கின்றன. அதை அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும். ஒரு ஆள் நான்கு லிட்டரைத் தூக்கிக்கொண்டு அவர்களைத் தேடிப் போக மாட்டார். ஒரு இடத்தில் பேரலாகச் சேர்ந்தால் அவர்களே வண்டி அனுப்புவார்கள், அதற்கு விலையும் உண்டு.

இதற்குச் சரியான நேரம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஆயில் மாற்றுவது, கியர் பாக்ஸ் பிரிப்பது, அடிப்பாகம் சுரண்டிப் பெயின்ட் அடிப்பது எல்லாம் அப்போதுதான் நடக்கும். பொழுதுபோக்குப் படகுகளும் அதே மெக்கானிக்குகளிடம் அதே நேரத்தில்தான் வருகின்றன. அதற்கு முன், படகைக் கரையேற்றும் சரிவான ஸ்லிப்வே பக்கத்தில் மூடியுள்ள இரண்டு பேரல்கள் வேண்டும். ஒன்று பழைய ஆயிலுக்கு, இன்னொன்று எண்ணெய்த் தண்ணீருக்கு. இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் மறுசுழற்சிக்கு யாரும் எடுக்க மாட்டார்கள். கீழே ஒரு சிமென்ட் தொட்டி, மேலே ஷெட், மழைத் தண்ணீர் இறங்காதபடி.

துறைமுக நிர்வாகத்துக்கு மனு கொடுப்போம் என்று சிலர் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். மீனவர் சங்கங்களையும் சேர்த்துக்கொண்டு கொடுங்கள். அவர்களிடம்தான் படகு அதிகம், பாதிப்பும் அதிகம். "எங்களுக்கு விலக்கு வேண்டும்" என்று எழுதாதீர்கள். பேரல் எங்கே வைக்க வேண்டும், வாரத்துக்கு எத்தனை லிட்டர் சேரும், யார் பூட்டுச் சாவி வைத்திருப்பார் என்று எழுதுங்கள். லிட்டர் கணக்குப் போடத் தெரியாதவர்கள் இன்ஜின் மாடலையும் ஓடிய மணி நேரத்தையும் எனக்கு அனுப்பினால் போதும், மனுவோடு இணைக்கும் பட்டியலை நான் போட்டுத் தருகிறேன்.