இங்கிலீஷில் மூக்கும் ஓடும்

"ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள் 'ரன்' என்ற சொல்லுக்கு அகராதியைப் புரட்டினாள். ஒன்றரைப் பக்கத்துக்கு அர்த்தம் போட்டிருக்கிறது. 'இத்தனையும் மனப்பாடம் பண்ணணுமாப்பா?' என்று கேட்கிறாள். என்ன சொல்ல?" என்று எழுதியிருக்கிறார் ஒரு வாசகர்.

ஏதோ சின்ன அகராதி, ஒன்றரைப் பக்கத்தோடு போயிற்று. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் ரன் என்ற வினைக்கு மட்டும் 645 பொருள்கள். பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாசிரியர் அந்த ஒற்றைச் சொல்லோடு ஒன்பது மாதம் மல்லுக்கட்டினார். 1989 பதிப்பில் 'செட்'தான் முதலிடம். அப்புறம் திருத்தத் திருத்த, 2000இல் மேக், 2007இல் புட், 2011இல் ரன் என்று பட்டம் கைமாறியது. நம் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை வெளிவந்தது. கோலம், சட்டை, ஊசி, சண்டை, தாழ்ப்பாள் எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்கும் 'போடு'வுக்கு மட்டும் ஒருவரை ஒன்பது மாதச் சம்பளத்தில் உட்காரவைக்க இன்று எந்த நிதிக்குழு கையெழுத்துப் போடும்?

அடிக்கடி புழங்கும் சொல்லுக்குத்தான் பொருளும் பெருகும். ஜார்ஜ் ஸிப்ஃப் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1940களிலேயே இதைக் கணக்காகக் காட்டிவிட்டார். காலுக்கு இருந்த ரன் தண்ணீருக்குப் போனது, இயந்திரம் வந்ததும் அதற்கு, கம்ப்யூட்டர் வந்ததும் ப்ரோகிராமுக்கு. நம் 'ஓடு' மட்டும் சும்மாவா இருந்தது? ஃபேன் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, கடையை எப்படியோ ஓட்டுகிறோம். மூக்குதான் அவர்களுக்கு ஓடுகிறது, நமக்கு ஒழுகுகிறது. தேர்தலில் அமெரிக்கர் ஓடுவார். பிரிட்டிஷ்காரர் நம்மைப் போலவே நிற்பார்.

சரி, இத்தனையில் வேண்டியதை மூளை எப்படிப் பொறுக்குகிறது? முன்னும் பின்னும் பார்த்துத்தான், இதில் என்ன இருக்கிறது என்றே நானும் நினைத்திருந்தேன், டேவிட் ஸ்வின்னி என்ற உளவியலாளர் 1979இல் வெளியிட்ட பரிசோதனையைப் படிக்கும்வரை.

அவர் எடுத்துக்கொண்ட சொற்களில் ஒன்று 'பக்'. பூச்சி என்றும் பொருள், ஒட்டுக்கேட்கும் கருவி என்றும் பொருள். ஆட்கள் காதில் ஹெட்ஃபோனோடு ஒரு கதை கேட்கிறார்கள்: அறை மூலையில் சிலந்தி, கரப்பான், இன்னும் சில 'பக்'குகள் கிடந்தன என்று. சந்தேகத்துக்கே இடமில்லை, பூச்சிதான். ஆனால் 'பக்' காதில் விழுந்த அதே நொடியில் எதிரே திரையில் ஒரு சொல் மின்னும். அது நிஜச் சொல்லா, வெறும் எழுத்துக் குவியலா என்று பட்டனைத் தட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

'எறும்பு' மின்னினால் சட்டென்று தட்டினார்கள். அது எதிர்பார்த்ததே. 'ஒற்றன்' மின்னினாலும் அதே வேகத்தில் தட்டினார்கள்! சம்பந்தமே இல்லாத 'தை' (துணி தைப்பது) என்ற சொல்லுக்குத்தான் கை தாமதித்தது. கரப்பானும் சிலந்தியும் அத்தனை சொல்லியும், ஒட்டுக்கேட்கும் கருவி ஒருகணம் தலையை நீட்டிவிட்டுத்தான் போயிருக்கிறது. இன்னும் மூன்று அசை கழித்து மின்னவைத்தால் ஒற்றனுக்கு இருந்த சலுகை காணோம், எறும்புக்கு மட்டும் பாக்கி. ஆக, எல்லாக் கதவும் முதலில் திறக்கின்றன. வேண்டாதவை உடனே சாத்தப்படுகின்றன. கேட்பவருக்குத் திறந்ததும் தெரியாது, சாத்தியதும் தெரியாது. பூக்கடையில் "மாலை என்ன விலை?" என்னும்போது நம் தலைக்குள்ளும் ஒரு சாயங்காலம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்போல. (அதிகம் புழங்கும் பொருளுக்கு இந்தப் போட்டியில் முன்னுரிமை உண்டு என்று பின்னால் வந்த ஆய்வுகள் திருத்தம் சொல்லின.)

பக்கின் இரண்டு பொருளும் தூரத்தவை. ரன்னின் 645ம் அப்படியல்ல, பங்காளிகள். இந்த வித்தியாசத்தை ஜெனிஃபர் ராடும் இரு சக ஆய்வாளர்களும் 2002இல் அளந்தார்கள். கூரை ஓடும் காலால் ஓடுவதும் போல ஒட்டுறவில்லாத பொருள்கள் ஒரு சொல்லில் இருந்தால், அதை அடையாளம் காணத் தாமதமாகிறது. உறவுள்ள பொருள்கள் நிறைய இருந்தாலோ வேகம் கூடுகிறது.

அதனால் மகளை மனப்பாடத்திலிருந்து விட்டுவிடுங்கள். ஃபேன் ஓடுவது தெரிந்தவளுக்கு இயந்திரம் 'ரன்' ஆவதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒட்டுச்சொல் சேர்ந்து வருபவற்றை மட்டும் வாக்கியத்தோடு காட்டுங்கள். ரன் அவுட் என்றால் அவளுக்கு கிரிக்கெட் தெரிந்திருக்கும். வீட்டில் சர்க்கரை தீர்ந்தாலும் அதே ரன் அவுட்தான்.